குருத்தோலைச் சாம்பலும் கத்திரி நாற்றும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் தோட்டம் போட இடம் பிடித்துக் கொடுத்தது 'தானே' என்று பேர் வைத்த புயல். அது வந்திராவிட்டால் பின்பக்கத்து மாமரம் இன்றைக்கும் நின்றிருக்கும். அதன் நிழலில் ஒரு புல்கூட முளைத்திருக்காது. நானும் மார்க்கெட்டில் கத்திரிக்காயை அழுத்தி அழுத்திப் பார்த்து வாங்குகிற ஆளாகவே இருந்திருப்பேன். இப்போது ஒவ்வொரு வருஷமும் பொங்கல் முடிந்த கையோடு மண்வெட்டியை எடுத்துவிடுகிறேன். மழை ஈரம் மண்ணில் மிச்சமிருக்கும்போதே பாத்தி கட்டினால்தான் பங்குனி வெயில் ஏறுவதற்குள் காய் பார்க்கலாம். இந்தக் கணக்கெல்லாம் முதல் வருஷம் எனக்குத் தெரியாது. அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்.

நான் சிதம்பரத்துப் பெண். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே பல் தேய்க்கிற தெருவில் வளர்ந்தவள். எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது. இவர் கடலூர் முதுநகர்க்காரர். மீன் ஏலம் போடுகிற சத்தம் காற்றுவாக்கில் கேட்கிற வீடு, பல தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டு நேரே இவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். மாமனார் இறந்து வெகு நாளாகியிருந்தது. மாமியார்தான் கதவைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்க" என்றார்.

அந்த "வாங்க"வில் நான் நன்றாக ஏமாந்தேன். எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷி என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. பக்கத்து வீட்டுப் பெண், மீன்காரம்மா, சொந்த மகள் எல்லோரையும் வாடி போடி என்கிறவர் என்னை மட்டும்தான் வாங்க போங்க என்றார். மகனிடம் சொல்லும்போது நான் "அவுங்க". "அவுங்க குளிச்சாச்சான்னு கேளு." "அவுங்களுக்கு காபி வேணுமான்னு கேளு." அவுங்க இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன். விருந்தாளியை எப்போது கிளம்புவாய் என்று கேட்க முடியாதே, அந்த மாதிரி மரியாதை.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சாப்பாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. சமையலறையில் காலை பத்து மணிவரை நான், பத்துக்கு மேல் அவர். யாரும் எழுதி ஒட்டவில்லை, அப்படி அமைந்துவிட்டது. நான் சமைத்ததை இவர் டிபன் பாக்ஸில் எடுத்துப்போவார், நானும் சாப்பிடுவேன். பத்தரைக்கு அவர் வந்து தனக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் வைத்துக்கொள்வார். ஒருவேளை ருசி பார்ப்பார் என்று ஒரு கிண்ணத்தில் மூடி வைப்பேன். "எனக்கு வயிறு சரியில்ல, நீங்க சாப்புடுங்க." நாலு மாதமாக ஒரு மனுஷிக்கு வயிறு சரியில்லாமல் இருக்குமா? என் கையால் ஒரு வாய் அவர் சாப்பிட வேண்டும் என்கிற ஆசை எனக்கு வெறியாகவே மாறிவிட்டது. நான் கொஞ்சம் வீம்புக்காரி. இவரைக் கேட்டால் கொஞ்சம் என்பதை எடுத்துவிடுவார்.

இதற்கு நடுவில் வார்த்தைகள் வேறு காலை வாரிவிட்டன. "கோயிலுக்குப் போறேன்" என்றால் அந்த வீட்டில் மாதா கோயில். பூசை என்றால் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி. வந்த புதிதில் ஒரு நாள் மாமியார், "சாமியார் வராரு, வூட்ட கொஞ்சம் ஒதுங்க வைக்கணும்" என்றார். நான் காவி வேட்டியும் தாடியுமாக யாரோ வரப்போகிறார் என்று காத்திருந்தேன். பேண்ட் சட்டையில் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். பங்குச் சாமியார் அவர்தான் என்று தெரியாமல், கேஸ் ஏஜென்சியிலிருந்து வந்த ஆள் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்தி, "சிலிண்டர் இருக்குங்க" என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். மாமியார் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அன்றைக்கு அவர் வாங்க போங்க என்பதைக்கூடப் பேசவில்லை.

அப்புறம் டிசம்பர் கடைசியில் புயல். விடிந்து கொல்லைக் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. மாமரம் கதவின்மேல் சாய்ந்து கிடந்தது. மாமியார் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த வருஷம் தன் கையால் நட்ட மரம். ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், உள்ளே போய்விட்டார். இவருக்கு கரண்ட் ஆபீஸில் வேலை. ஊர் முழுக்கக் கம்பம் சாய்ந்து கிடந்ததால் அன்றைக்குப் போனவர் ஒரு மாதம் விருந்தாளி மாதிரிதான் வீட்டுக்கு வந்துபோனார். கரண்ட் இல்லாத வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். பேசுவதற்கு நடுவில் ஆள் இல்லாததால் அவர் சுவரோடு பேச ஆரம்பித்தார். "கேன் தண்ணி தீந்துபோச்சு." சுவர் பதில் சொல்லாது. நான் போய் வாங்கி வருவேன்.

மரம் வெட்டுகிறவர்கள் வந்து கிளைகளை அறுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கொல்லையைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரை பகலிலும் மங்கலாகக் கிடந்த இடத்தில் சுவரிலிருந்து சுவர்வரை வெயில் கொட்டியது. எனக்கு அநியாயத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு உடனே வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் மாமியார் அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்.

தோட்டம் என்கிற யோசனையைக் கொடுத்தது இவர்தான். தெரிந்து கொடுக்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவர், "தவக்காலம் வந்தா அம்மா நாப்பது நாளும் கறி மீன் தொடமாட்டாங்க, சுத்த சைவம். பருப்பும் அப்பளமும்தான். மீன் இல்லாம அம்மாவுக்கு வேற ஒண்ணும் வைக்கத் தெரியாது" என்றார். எனக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. நாற்பது நாள் சைவம்! நான் பிறந்ததிலிருந்து செய்கிற வேலை. மாசி நடுவில் தவக்காலம் தொடங்குகிறது. இப்போதே விதைத்தால் கீரை அதற்குள் வந்துவிடும், வெண்டை பாதித் தவக்காலத்தில் வரும், தவக்காலம் முடிவதற்குள் கத்திரியும் வந்துவிடும். தன் கொல்லையில் விளைந்த காயை வேண்டாம் என்று எப்படிச் சொல்வார் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டேன்.

கணக்கு சரி, மண் சரியில்லை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் இருந்த விவசாயம் ஒரு துளசி மாடமும் ஒரு மருதாணிச் செடியும். மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதையே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். தோண்டிய இடமெல்லாம் மாமரத்து வேர். முதல் நாளே கையில் கொப்புளம். மூன்றாம் நாள் கொப்புளம் உடைந்தது. வேரை வெட்டி இழுக்கும்போது ஜன்னலுக்குப் பின்னால் ஒரு புடவை நிற்பது தெரியும். திரும்பினால் இருக்காது.

நாத்தனார் நெல்லிக்குப்பத்தில் இருக்கிறார். அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. கரும்புச்சாறு வடிகட்டி மிஞ்சுகிற கறுப்புக் கசடு செடிக்கு நல்ல எரு என்று இவர் போனில் சொல்லி, இரண்டு மூட்டை வந்து இறங்கியது. கூடவே நாத்தனாரும் வந்திறங்கினார். என் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "சிதம்பரத்துக்காரங்க மண்ணெல்லாம் வெட்டுவாங்களா? மணியாட்டறதுதான் தெரியும்னு நெனச்சேன்" என்றார். அவர் வாய் அப்படி. நல்ல மனசு, ஆனால் வாயைத் தாண்டித்தான் மனசுக்குப் போக வேண்டும். மூட்டையைப் பிரித்தால் புளித்த வெல்ல வாசனை. முதுநகரிலிருந்த எறும்பெல்லாம் எங்கள் கொல்லைக்குக் குடிவந்தது.

முளைக்கீரை விதையை மணலில் கலந்து தூவ வேண்டும் என்று விதைக்கடையில் சொன்னார்கள். மணலைக் கலந்தேன், ஆனால் விதையை முழுப் பொட்டலமும் கொட்டிவிட்டேன். நாலே நாளில் பாய் விரித்த மாதிரி முளைத்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு. ஜன்னலிலிருந்து குரல் வந்தது, சுவரைப் பார்த்து: "இவ்ளோ நெருக்கமா மொளச்சா வெளிறிப்போயி சாஞ்சிரும். பாதிய புடுங்கிப் போட்டா தேவல." நான் வீம்பாகப் பிடுங்கவில்லை. சாய்ந்தது. மறுபடி விதைத்தேன். வெண்டை ஒழுங்காக வந்தது. கொத்தவரையை அடுத்த வீட்டுக் கோழி கிளறித் தின்றது. கத்திரி நாற்று மட்டும் சேத்தியாத்தோப்புச் சந்தையிலிருந்து இவர் ஈரச் சாக்கில் சுற்றி வாங்கி வந்தார். இருபது நாற்று நட்டேன். சிதம்பரத்தில் கொத்சு என்று கத்திரிக்காயில் ஒன்று செய்வோம். என் மனசெல்லாம் அந்த இருபது செடியின் மேல்தான் இருந்தது.

மாசி பிறந்ததும் கத்திரிக் கொழுந்துகளின் அடியில் அசுவினிப் பூச்சி அப்பியது. சாம்பல் தூவினால் போய்விடும் என்றார் விதைக்கடைக்காரர். கேஸ் அடுப்பு எரிகிற வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? மாமரத்து விறகும் வண்டியேறிப் போயாயிற்று. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, மாமியார் கோயிலில் இருந்தார். நான் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் காய்ந்த ஓலைகள் ஐந்தாறு செருகியிருந்தன. சிலதை மடித்துச் சிலுவை மாதிரி பின்னியிருந்தார்கள். தூசி படிந்து பழுப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் வாசல் தோரணம் காய்ந்தால் கழற்றிவிடுவோம். இதுவும் கிறிஸ்துமஸ் தோரணம் போலிருக்கிறது, புயல் களேபரத்தில் கழற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டுக் கொளுத்தினேன். ஓலை நிமிஷத்தில் எரிந்தது. சாம்பலைச் சலித்து மறுநாள் காலை பனி ஈரம் இருக்கும்போதே இருபது செடிக்கும் தூவினேன். நல்ல வேலை செய்தோம் என்று காபி குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் பூசைக்குப் புறப்பட்டுவிட்டுப் படத்தின் பின்னால் கை விட்டார். கை வெறுமனே வந்தது. மறுபடி விட்டார். நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தார்.

"இங்க இருந்த ஓலை எங்க?" சுவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நான்தான் அத்தை எடுத்தேன். காஞ்சுபோயிருந்துது. எரிச்சி, சாம்பல கத்திரிச் செடிக்குப் போட்டேன்."

அவர் நாற்காலியிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்தே ஏதோ பெரிதாகச் செய்துவிட்டேன் என்று தெரிந்தது. என் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"ஏண்டி, குருத்தோலைடி அது! போன வருஷம் சாமியார் மந்திரிச்சுக் குடுத்தது! ஒரு வருஷம் வூட்டக் காத்த ஓலைடி. இன்னைக்கு கோயில்ல ஒப்படைக்கணும், அத எரிச்சிதான் புதன்கெழம தவக்காலம் தொடங்கறப்ப எல்லாரு நெத்தியிலயும் பூசுவாங்க. அதப் போயி கத்திரிச் செடிக்குப் போட்டியாடி, பாவி!"

நான் அழுதேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மரமும் போய், வீட்டைக் காத்த ஓலையும் போய் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அழுதுகொண்டிருக்கும்போதே எனக்குள் எங்கோ ஒரு மூலையில் குறுகுறுவென்று இருந்தது. ஏண்டி என்றார். சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து ஏண்டி என்றார்.

வெறுங்கையோடு கோயிலுக்குப் போனார். நான் கொல்லையில் போய் அந்தச் செடிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிடுங்கிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். பூசை முடிந்து வெகு நேரம் கழித்து வந்தார். புடவை மாற்றவில்லை, நேரே கொல்லைக்கு வந்தார். மரம் விழுந்த பிறகு அவர் அந்தக் கதவைத் தாண்டியது அன்றைக்குத்தான்.

"சாமியாரக் கேட்டேன்," என்றார். "நாள் முழுக்க சிரிப்பாரு போல. மந்திரிச்ச ஓலைய எரிச்சி மண்ணுல சேக்கறதுதான் மொறயாம். தப்பில்லையாம். கால்ல மிதிபடாத எடமா இருக்கணும், அவ்ளோதானாம்." கொஞ்ச நேரம் பாத்தியைப் பார்த்தார். "இந்தப் பக்கம் நீ நடக்காத. சுத்தி வா. கோழி வராம நான் அடைக்கிறேன்."

அன்று சாயங்காலமே பழைய மீன் வலை ஒன்று எங்கிருந்தோ வந்தது. கத்திரிப் பாத்தியைச் சுற்றி நாலு குச்சி நட்டு வலையை இழுத்துக் கட்டினார். புதன்கிழமை காலை அவர் கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்தார். நான் குளித்துவிட்டு வழக்கம்போல நெற்றியில் திருநீற்றோடு கொல்லையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் வாளியை எடுத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தார். வேலைக்குக் கிளம்பிய இவர் வந்து எங்கள் இரண்டு பேர் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிவிட்டார். "இவனுக்கு என்னாடி ஆச்சு?" என்றார் மாமியார். எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

வாங்க போங்க அதோடு தொலைந்தது. அதற்குப் பதிலாகக் காலையிலிருந்து திட்டு. தண்ணி ஜாஸ்தி ஊத்தாதடி, வேர் அழுவிரும். பூவ எண்ணிட்டே நிக்காதடி. திட்டத் திட்ட, செடியோடு சேர்ந்து எனக்கும் எரு போட்ட மாதிரி இருந்தது. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அவர் இறங்கவில்லை. இரண்டாம் தடவை விதைத்த கீரை வந்தது. ஆய்ந்து, கடைந்து, கிண்ணத்தில் மூடி வைத்தேன். "வயிறு சரியில்லடி." வெண்டை வந்தது. "காலையிலேர்ந்து வயிறு என்னமோ பண்ணுது." தோட்டத்தில் என்னோடு சரிக்குச் சரி குனிந்து களை எடுத்த மனுஷி, பத்தரை மணிக்குத் தன் சின்னப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பருப்பும் அப்பளமும் வைத்துக்கொண்டார். அவர் தோட்டத்தை ஏற்றுக்கொண்டார், என் கையை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஆத்திரம் வந்து கிண்ணத்தைப் பாத்திரம் தேய்க்கிற தொட்டியில் டங்கென்று போட்டேன். அவர் காதில் விழுந்திருக்கும்.

கத்திரி பூத்தது, கொட்டியது, மறுபடி பூத்தது. பங்குனி நடுவில் காய்கள் தெரிந்தன. சின்னதாக, ஊதாவில் வெள்ளைக் கோடு ஓடிய காய். மந்திரித்த சாம்பலில் வளர்ந்ததாயிற்றே, ஒரு காய்கூட வீணாகக்கூடாது என்று மாமியார் சட்டம் போட்டார். சொத்தைக் காயைக்கூடப் பூச்சி அரித்த இடத்தை மட்டும் சீவிவிட்டுப் பத்திரப்படுத்தினார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை.

பெரிய வியாழன் அன்று என்னைக் கூப்பிட்டார். கையில் முறம், முறம் நிறையக் கத்திரிக்காய். "நாளைக்குப் பெரிய வெள்ளி. நான் காலையிலயே கோயிலுக்குப் போயிடுவேன். சிலுவைப்பாதை, வழிபாடு எல்லாம் முடிஞ்சி சாயந்தரம்தான் வருவேன். அதுவரைக்கும் பச்சத் தண்ணிதான். அவளும் நெல்லிக்குப்பத்துலேர்ந்து வரா. நாளைக்கு நான் அடுப்பு பத்தவைக்கிறது இல்ல." முறத்தை என் கையில் வைத்தார். "உங்கூர்ல ஏதோ கொஸ்துன்னு வைப்பாங்களாமே."

அன்று இரவு நான் தூங்கியிருந்தால் ஆச்சரியம். மறுநாள் மத்தியானமே இட்லி மாவு தயார். மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு வறுத்துப் பொடித்தேன். கத்திரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீர் விட்டு, மசிய வேகவைத்து, பொடியைத் தூவினேன். எங்கள் வீட்டில் சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் எதையும் ருசி பார்க்க மாட்டோம். கையளவும் வாசனையும்தான் கணக்கு. வாசனை சரியாக இருந்தது. அதற்குள் வாசலில் சத்தம். நினைத்ததற்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். வெயிலில் வெறுங்காலோடு நடந்து மாமியாரின் முகம் வாடிப்போயிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

மாமியார், நாத்தனார், இவர் மூவரும் உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன். மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். இட்லியைப் பிட்டுக் கொத்சில் தோய்த்து வாயில் போட்டார். ஏழு மாதத்தில் முதல் வாய். நான் கரண்டியோடு நின்றுகொண்டு அவர் தொண்டையையே பார்த்தேன். மென்றார், விழுங்கினார். இன்னொரு வாய் எடுத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போது நாத்தனார், "என்னாது இது? உப்பே இல்ல?" என்றார்.

இவரைப் பார்த்தேன். இவர் தட்டைப் பார்த்தார். ஆமாம், நான் உப்புப் போடவில்லை. பொடி தூவிய பிறகு போட வேண்டும் என்று வைத்திருந்தேன், வாசல் சத்தத்தில் மறந்துவிட்டேன். ஏழு மாதம் காத்திருந்து, மண்ணை வெட்டி, ஓலையை எரித்து, கடைசியில் இதுவா என்று அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. நாத்தனார் வாயைத் திறந்தார். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

மாமியார் நிமிரவில்லை. "அவுங்க ஊர்ல விரதத்துக்கு உப்பு சேக்க மாட்டாங்க," என்றார். "இன்னைக்கு நம்ம பெரிய வெள்ளின்னு அவ அப்படிச் செஞ்சிருக்கா. பேசாம சாப்புடு."

நாத்தனார் வாயை மூடிக்கொண்டார். என்னை அவர் பார்த்த பார்வையில் முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. மாமியார் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துடி" என்றார்.

எல்லோரும் எழுந்த பிறகு அடுக்களையில் நின்று ஒரு விரல் எடுத்து நக்கிப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. அதைப் போய் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அப்படி ஒரு விரத வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, நான் மறந்துவிட்டேன் என்று அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவ்வளவு நல்ல காரணத்தை நம்பிச் சாப்பிட்டவரிடம் அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஈஸ்டர் முடிந்து திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே அவர் அடுக்களைக்கு வந்து, "என்னா வைக்கிற?" என்று மூடியைத் திறந்து பார்த்தார். சின்னப் பாத்திரம் பரணுக்குப் போனது.

சொல்லாமல் விட்டதற்குத் தண்டனையும் கிடைத்தது. அடுத்த வருஷம் பெரிய வெள்ளிக்கும் கொத்சு. விரதக் கொத்சு, உப்பில்லாமல். அதற்கடுத்த வருஷமும். நாத்தனார் நெல்லிக்குப்பம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிவைத்தார். மாதா கோயிலுக்கு வருகிற இரண்டு அம்மாக்கள் என்னிடம் வந்து செய்முறை கேட்டார்கள். ஒரு வருஷம் இவர் ரகசியமாக ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்தார். மாமியார் முறைத்த முறைப்பில் மூடிவிட்டார். ஒவ்வொரு தையிலும் கத்திரி நாற்றை நடும்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். பங்குனியில் காயைப் பறிக்கும்போது தைரியம் போய்விடும். நாள் ஆக ஆக, ஒரு மறதியை ஒப்புக்கொள்வது போய், பத்துப் பன்னிரண்டு வருஷப் பொய்யை ஒப்புக்கொள்வதாக அது வளர்ந்துவிட்டது.

இப்போது மாமியாருக்கு முட்டிவலி. குனிய முடியாது. கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டுவதோடு சரி. இந்த வருஷம் பெரிய வியாழன் அன்று நான் கத்திரிக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். அவர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் காம்பு நறுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று, "நாளைக்கு உப்பு போட்டே வைடி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பெரிய வெள்ளியாச்சே அத்தை. விரதம்..."

"என்னா விரதம்? அன்னைக்கு நீ போட மறந்துட்ட. மொத வாய் வச்சதுமே தெரிஞ்சிபோச்சு. நீயா வந்து சொல்லுவ, சொல்லுவன்னு பாத்தேன். நீயும் சொல்றாப்புல இல்ல. இன்னும் எத்தன வருஷத்துக்குடி அத நான் திங்கறது?"

கையிலிருந்த காயைக் கீழே போட்டுவிட்டேன். "தெரிஞ்சா அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"என் பொண்ணு வாய் எனக்குத் தெரியாதா? ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பா." ஒரு காம்பை நறுக்கினார். "நீ அங்க கரண்டிய வச்சிக்கிட்டு, உசிரக் கையில புடிச்சாப்புல நின்னுட்டிருந்த. எனக்குக் கண்ணு இல்லையா?"

மறுநாள் உப்புப் போட்டுச் செய்தேன். எத்தனை வருஷப் பழக்கம், பெரிய வெள்ளிக் கொத்சுக்கு உப்பின் அளவே என் கைக்கு மறந்துபோயிருந்தது. கொஞ்சம் தாராளமாகவே விழுந்துவிட்டது. மாமியார் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார், தண்ணீர் மட்டும் மூன்று டம்ளர் குடித்தார்.